சாத்தான்குளத்தில் வசிப்பதாக அறிகிறேன்

பாளையங்கோட்டைத் தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், முப்பது வருஷம் மனு எழுதியவன் நான். பெயர் திருஞானசம்பந்தம். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது. என் காலத்தில் ஒரு சாய்வுப் பலகையும் இரண்டு பேனாவும் இருந்தன. இதைக் கேட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். வயலை விற்றுச் சாப்பிட்டவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்து எழுதுவேன். அதனால் வருகிறவர்களின் கால்தான் முதலில் என் கண்ணில் படும், முகம் அப்புறம்தான். பட்டா மாறுதலுக்கு வருகிறவன் காலை அகட்டி நிற்பான். உதவி கேட்டு வருகிற பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாதம் இன்னொரு பாதத்தின் மேல் ஏறிக்கொள்ளும். காலைப் பார்த்தே மனு இன்னதென்று சொல்லிவிடுவேன் என்று பியூன்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மாசி மாதம். என் பலகைக்கு முன்னால் வந்த இரண்டு பாதங்களும் தரையில் அழுந்தி நின்றன. ரப்பர் செருப்பு, விரலில் மெட்டி, பாதத்தின் மேல் பசை சொட்டிக் காய்ந்த வெள்ளைத் தடம். நிமிர்ந்து பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, இடுப்பில் ஒரு வயதுப் பெண்குழந்தை. குழந்தை என் பேனாவுக்குக் கையை நீட்டியது.

"மனு எழுதணும் அண்ணாச்சி. பிள்ளையக் காப்பகத்துல சேக்கணும். பணங்கட்ட வழியில்ல. சலுகைக்குச் சர்ட்டிபிகேட் கேக்காக."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். மிஷன் காம்பவுண்டுக்குள் ஒரு காப்பகம் இருந்தது. கெசியா டீச்சர் என்ற அம்மாள் நடத்தினாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போய் சாயங்காலம் கூட்டிக்கொள்ளலாம். பாலும் மத்தியானச் சோறும் உண்டு. இல்லாதவர்களுக்கு ஒரு உதவி நிதியிலிருந்து அந்தச் செலவைக் கட்டிவிடுவார்கள். அதற்கு மூன்று நிபந்தனை. தாய் வேலைக்குப் போகிறவளாக இருக்க வேண்டும், வருமானம் குறைவாக இருக்க வேண்டும், கணவன் இறந்திருக்க வேண்டும் அல்லது கைவிட்டுப் போயிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தாசில்தார் சான்று. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

"செத்துட்டானா, விட்டுட்டுப் போயிட்டானா?" என்று கேட்டேன். பேனா பிடித்தவனுக்குக் கூச்சம் இருந்தால் வேலை ஓடாது.

"ரெண்டும் இல்ல" என்றாள்.

அவள் பெயர் சங்கரி. நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிற ஒரு பிரஸ்ஸில் வேலை. தாள் மடிப்பது, தைப்பது, பசை போடுவது. புருஷன் மகேஸ்வரன் சீவலப்பேரி போகிற வழியில் ஆற்றோர வாழைத்தோட்டம் ஒன்றில் மோட்டார் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருந்தவர். முந்தின ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, வீடு மாடு மனுஷன் என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனதே, அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். "மோட்டாரு முங்கிட்டுன்னா மொதலாளி பாவம்லா. கழத்தி மேட்டுல வச்சிட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். வாழையும் இல்லை, மோட்டார் ரூமும் இல்லை. மேட்டில் புளியமரத்தடியில் சைக்கிள் மட்டும் நின்றது. பூட்டி நின்றது.

ஆற்றில் இறங்கியதைப் பார்த்த சாட்சி கிடையாது. உடல் கிடைக்கவில்லை. வெள்ளத்தில் செத்தவர்கள் பட்டியலில் பேர் ஏறவில்லை. போலீஸில் ஆள் காணவில்லை என்று எழுதிக்கொண்டு, ஏழு வருஷம் கழித்து வந்தால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை அவள் என்னிடம் நீட்டினாள். 'அடையாளம்: வலது கால் பெருவிரலில் நகம் இல்லை' என்று இருந்தது. மண்வெட்டி பட்டுப் போன நகம் என்று அவள் சொன்னாள்.

"அப்பம் விதவைன்னு எழுதினா ஆபீஸ்ல நிக்காது" என்றேன்.

"எழுதவும் வேண்டாம். சொந்தக்காரங்க தர்ப்பையில ஆளு மாதிரி செஞ்சு கொள்ளி வச்சிருவோம், தாலியக் கழத்துன்னாக. நான் ஒத்துக்கிடல. சைக்கிளப் பூட்டிட்டுல்லா போயிருக்காக அண்ணாச்சி. சாவி அவுக மடியில இருக்கு. திரும்பி வாரவுகதான பூட்டுவாக?"

எனக்கு எரிச்சல் வந்தது. நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், இவள் பூட்டுக்கும் சாவிக்கும் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறாள். "அப்படின்னா சலுகை கிடையாது, போ" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் போகவில்லை. குழந்தையைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய், பெஞ்சுக் காலில் சேலைத் துணியால் கட்டிப்போட்டு வேலை செய்கிறாளாம். முந்தின நாள் முடிச்சு நழுவி, குழந்தை தவழ்ந்துபோய்க் காகிதம் வெட்டுகிற மிஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததாம். முதலாளி மாசக் கடைசிவரை தவணை சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு ஒரு இடம் பார், இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள். வேலை போனால் அண்ணன் வீட்டுக்குப் போய் மதினிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான் என்றாள்.

அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தேன். நீலாம்பாள் என்று மகேஸ்வரனின் அம்மா பெயரை வைத்திருந்தார்கள். நீலா என்று கூப்பிட்டார்கள். கழுத்தில் கறுப்பு மணி, கையில் பசைக் காகிதத் துண்டு ஒன்று.

"ஒரு வழி இருக்கு. கணவனால் கைவிடப்பட்டவர்ன்னு எழுதலாம். அதுக்குத் தாலி கெடந்தாலும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

அவள் சிரித்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவுகளா? என்னையா? கடைக்குப் போனாக்கூட சொல்லிட்டுப் போறவுக அண்ணாச்சி."

"நம்ம வீட்டுக்குள்ளயா எழுதப்போறோம்? வெறும் காயிதம். அவரு வந்துட்டாருன்னா கிழிச்சுப் போட்ருவோம்" என்றேன். ரொம்ப சாமர்த்தியமாகச் சொன்னதாக அப்போது நினைத்தேன்.

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு, "செத்துட்டாகன்னு எழுதலல்லா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, எழுதுங்க" என்றாள். புருஷனைச் சாகவிட மனமில்லாமல்தான் அவள் அவரை ஓடிப்போனவர் ஆக்க ஒத்துக்கொண்டாள். இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது.

மனு எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. மொட்டையாக எழுதினால் மனு திரும்பி வரும். ஊர், ஆள், காலம் என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் மேஜையில் நிற்கும். 'என் கணவர் மகேஸ்வரன் என்னையும் என் கைக்குழந்தையையும் கைவிட்டு, வேறொரு பெண்ணுடன்' என்றுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தேன். ரோட்டில் ஒரு பஸ் போனது. நெற்றியில் சாத்தான்குளம் என்று போட்டிருந்தது. குனிந்து, 'சாத்தான்குளத்தில் வசிப்பதாக அறிகிறேன்' என்று முடித்தேன். அவ்வளவுதான். வேறு பஸ் போயிருந்தால் வேறு ஊர்.

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., அவள் குடியிருந்த வளவுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், வீட்டுக்காரி ஜுபைதா பீவி. சங்கரி வீட்டு வாசலில் அந்தச் சைக்கிள் பூட்டியபடியே நின்றது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துத்தான் வீடுவரை உருட்டி வந்திருக்கிறார்கள். பூட்டை உடைக்க அவள் விடவில்லை. தினமும் துடைப்பாள் போல, பளபளவென்று இருந்தது.

"எப்பம் போனாரு? அந்தப் பொம்பளைய உனக்குத் தெரியுமா? போறதுக்கு முன்னால சண்டை கிண்டை உண்டா?" என்று ஆர்.ஐ. கேட்டார். அவர்மேல் குற்றமில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். சங்கரி தரையைப் பார்த்துக்கொண்டு, "உண்டு" என்றாள். "அடிப்பாரா?" "உண்டு" என்றாள். தலை நிமிரவில்லை. அவர் அதைச் சோகம் என்று எழுதிக்கொண்டார்.

சாட்சிக் கையெழுத்துக்கு ஜுபைதா பீவியைக் கூப்பிட்டோம். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. "நல்ல மனுசன் மேல இப்படி ஒரு பழியா? நாளைக்கு அல்லா கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று என்னிடம் பைய முணுமுணுத்தாள். "பிள்ளைக்குப் பாலுக்காகன்னு சொல்லுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டாள். போட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போனாள்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சான்று வந்தது. நீலா காப்பகத்தில் சேர்ந்தாள். சங்கரிக்கு வேலை நிலைத்தது. அடுத்த வருஷமே முதலாளி அவளைத் தையல் பகுதிக்கு மேற்பார்வை ஆக்கினார். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு என் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாள். "வாரேன் அண்ணாச்சி" என்பாள். ஒரு குடும்பத்தை நிறுத்திவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. புதுப்பிக்க வரும்போதெல்லாம் பழைய மனுவைப் பார்த்து அதே வரியை எழுதினேன். 'இன்றும் சாத்தான்குளத்தில் வேறொரு பெண்ணுடன் வசித்து வருகிறார்.'

இரண்டாவது வருஷம் புரட்டாசி கழிந்ததும் அந்த வரி திரும்பி வந்தது.

ஜுபைதா பீவியின் தம்பி அசன் மைதீன் திருவிழாக் கடைக்காரன். பிளாஸ்டிக் சாமான் போட்டு ஊர் ஊராக விற்பவன். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கடை போடப் போயிருந்தான். அங்கே நேர்த்திக்காரர்கள் காளியாகவும் குறவனாகவும் வேஷம் கட்டி, செட் செட்டாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள், கடைசியில் கோயிலில் வந்து சேருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு காளி வேஷக்காரரைப் பார்த்தானாம். முகமெல்லாம் சாயம். ஆனால் நடையும் தோளும் மகேஸ்வரனேதானாம். கூட ஒரு பெண். எந்த ஊர் செட் என்று பக்கத்தில் கேட்டிருக்கிறான். சாத்தான்குளம் என்று சொன்னார்களாம்.

மறுநாள் காலையில் சங்கரி என்முன் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் அவள் பாதம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு சாத்தான்குளம்ன்னு எதுக்கு எழுதினீங்க?"

"பஸ்ஸப் பாத்து எழுதினேன் தாயி."

"எத்தன பஸ்ஸு போவுது? திருச்செந்தூர் பஸ்ஸு போவுது, தென்காசி பஸ்ஸு போவுது. உங்க வாயில அந்த ஊரு எப்படி வந்துச்சு? உங்களுக்கு எதாவது தெரியுமா?"

சத்தியம் செய்தேன். என் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் சொன்னேன். வளவுக்குள் ஆர்.ஐ. விசாரித்ததை எல்லாரும் கேட்டார்கள், அசன் மைதீன் காதிலும் அது விழுந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தவனுக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. எனக்கே முழுசாக நம்பிக்கை வரவில்லை என்பதுதான் கொடுமை. ஒருநாளும் பார்க்காத ஒரு மனுஷனைப் பற்றி என் கையால் எழுதினேன். எழுதியதை ஒருவன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். 

வீட்டில் ஒரு காரணம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளம் போனேன். பனைமரமும் செம்மண்ணுமாக இருந்த தெருக்களில் வெயிலில் அலைந்தேன். யாரைக் கேட்பது? மகேஸ்வரன் என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டினார்கள். மூன்று பேர் கால் பெருவிரலிலும் நகம் இருந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது, நான் உண்டாக்கிய ஆள் எனக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி வருவதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அப்படிப் பயந்தேன்.

அதற்கப்புறம் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. பலகைக்கு முன்னால் எந்த ஆண் கால் வந்து நின்றாலும் வலது பெருவிரலைப் பார்ப்பேன். ஒரு தடவை நகமில்லாத விரல் ஒன்று வந்து நின்றது. பேனா கையிலிருந்து விழுந்துவிட்டது. நிமிரவே முடியவில்லை. "என்னவே, மயக்கமா?" என்று ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. தென்னை ஏறுகிற அறுபது வயதுக்காரர், முதியோர் பென்ஷனுக்கு வந்திருந்தார். அன்றைக்கு மனு எழுத முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சங்கரி வேறு விதமாகத் தேடினாள். தசராவுக்கு முந்தின நாட்களில் வேஷக்காரர்கள் பாளையங்கோட்டைத் தெருக்களுக்கும் மேளத்தோடு வருவார்கள். மேளச் சத்தம் கேட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவருவாளாம். ஒவ்வொரு தட்டிலும் காசு போட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பாளாம். "முகத்துல சாயம் பூசலாம் அண்ணாச்சி, நகத்த ஒட்ட வச்சுக்கிட முடியுமா?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கும். பிள்ளைகள் சொல்வதையா கற்றுக்கொள்கின்றன? பார்ப்பதைத்தானே கற்றுக்கொள்கின்றன.

கெசியா டீச்சர் ஒருநாள் ஏதோ சான்று விஷயமாக வந்தபோது சொன்னாள். "அண்ணாச்சி, அந்த நீலா பிள்ள ரொம்பச் சமத்து. ஆனா ஒரு பழக்கம். கொத்தனார் வந்தாலும் சரி, பால்காரர் வந்தாலும் சரி, முகத்த நிமிந்து பாக்காது. காலத்தான் பாக்குது. பாத்துட்டு, இல்லன்னு தலைய ஆட்டிட்டுப் போயிருது."  டீச்சர் கொண்டுவந்த காகிதத்தில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வயது முடிந்து தொண்ணூற்றேழில் காப்பகச் சலுகை நின்றது. பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். இனி அந்த வரியை எழுத வேண்டாம் என்று நான் பெருமூச்சு விட்டேன். தொண்ணூற்றொன்பது ஆடியில் சங்கரி மறுபடி வந்தாள். மெலிந்திருந்தாள். சாக்கில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறாள். நீலா எழுந்து நின்று, "எங்கப்பா எங்களை விட்டுட்டுப் போயி சாத்தான்குளத்துல வேற அம்மா கூட இருக்காங்க. எங்கம்மாவ அடிப்பாங்க" என்று மனப்பாடச் செய்யுள்போலச் சொன்னாளாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அப்பா வந்தா நான் பேச மாட்டேன்" என்றாளாம்.

"ஒரு நாள் அவுக என்ன அடிச்சதில்ல அண்ணாச்சி. வைததுகூட இல்ல. இந்தப் பிள்ளய நெஞ்சுல போட்டுத்தான் தூங்குவாக. நான் எடுத்துச் சொன்னா, நீதான எழுதிக் கொடுத்த, மனு, ஆர்.ஐ. விசாரணைன்னு காயிதம் எல்லாம் பெட்டியில இருக்குல்லாங்கா. எழுத்துக் கூட்டி அவளே வாசிச்சிருக்கா." அழுதாள். வாசலில் எல்லாரும் பார்க்க அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வார ஐப்பசியோட ஏழு வருசம் முடியுது. இப்பம் எழுதுங்க. செத்துட்டாகன்னு எழுதுங்க. தாலியக் கழத்திருதேன். அவுக பேரு என் பிள்ளகிட்ட நல்லா இருக்கணும். எனக்கு அது போதும்."

அன்றைக்கு நான் காசு எதுவும் வாங்கவில்லை. இதுவாவது உண்மையாக ஒரு மனு என்று நினைத்தேன். காகிதங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு வக்கீல் ஜெபசீலனிடம் போனேன். நல்ல மனுஷர், ஏழைகளுக்குப் பணம் வாங்காமல் வழக்கு நடத்துகிறவர். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போய் வந்தேன். அடுத்த வாரமும் வரச் சொன்னார். புரட்டாசி பிறந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஏழு வருஷமா உயிரோட இருக்கிற தகவலே இல்லன்னாத்தான் கோர்ட்டுல இறந்ததாச் சொல்ல முடியும். இங்க தகவல் வருஷா வருஷம் இருக்கு. இன்னும் வசித்து வருகிறார்ன்னு தொண்ணூத்தேழு வரைக்கும் அந்தம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கா. அதுக்கு ஆர்.ஐ. விசாரணை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் பக்காவா இருக்கு. யாரு எழுதினான் இத? நல்லா எழுதியிருக்கான்." என் கையெழுத்து அவருக்குத் தெரியாது. "இப்பம் அதெல்லாம் பொய்ன்னு சொன்னா, சலுகைய ஏமாத்தி வாங்கினதா அந்தம்மா மேலயே கேஸ் திரும்பும். ரெண்டாயிரத்து நாலு வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

பூட்டிவிட்டுப் போன மனுஷனை ஐந்து தடவை ஆற்றிலிருந்து தூக்கி நிறுத்தி, சாத்தான்குளத்துக்கு அனுப்பியவன் நான்தான். நல்லபடியாகச் சாகக்கூட விடவில்லை. 

நேரே வளவுக்குப் போனேன். சனிக்கிழமை, உச்சி வெயில். சங்கரி வேலைக்குப் போயிருந்தாள். நீலா வாசலில் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதை நெருங்குகிறவள். "மனு மாமா, அம்மா வர நாலு மணி ஆகும்" என்றாள். நடைப்படியில் உட்கார்ந்தேன். நான் செருப்பைக் கழற்றும்போது அவள் என் காலைப் பார்த்தாள். எனக்கு அது புதிதில்லை.

மேளம் கேட்டது. தெருவில் ஒரு தசரா செட் வந்தது, காளி, குரங்கு, போலீஸ்காரன் என்று நாலைந்து வேஷம். நீலா சைக்கிள் கேரியரில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு காசை எடுத்துக்கொண்டு ஓடினாள். தட்டில் போட்டாள். குனிந்து வரிசையாகப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி பூட்டைத் துடைக்க உட்கார்ந்தாள்.

"அப்பா வந்தா பேச மாட்டேன்னியாமே? பொறவு எதுக்குத் தேடுத?" என்று கேட்டேன்.

"பேசத்தான் மாட்டேன். சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லிருவேன்" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. கோர்ட் என்ன சொன்னால் என்ன, இந்தப் பிள்ளையிடமாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "நீலா, இங்கன பாரு. அந்தக் காயிதத்துல இருக்கது நான் எழுதினது. அம்புட்டும் பொய். உங்கப்பா உங்கள விட்டுட்டுப் போகல. அம்மாவ அடிக்கல. வேற அம்மா யாரும் கெடையாது. உன்ன காப்பகத்துல சேக்கணும்ன்னு நான்தான் அப்படி எழுதினேன்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "அப்பம் அப்பா எங்க போனாங்க?"

"ஆத்துல பெரிய வெள்ளம் வந்துச்சு. மோட்டாரக் கழத்தப் போனாக. தண்ணி இழுத்துட்டுப் போயிட்டு தாயி."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. எண்ணெய்த் துணியை மடித்துக் கேரியரில் வைத்தாள்.

"நீங்க பாத்தீங்களா மாமா?"

"இல்ல."

"அதையும் பாக்காமத்தான எழுதினீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு தப்பைத் திருத்துவதுபோலச் சொன்னாள்.  சங்கரி வர இன்னும் நேரம் இருந்தது. அவள் வந்ததும் வக்கீல் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த தெருவிலிருந்து மறுபடி மேளம் கேட்டது. நீலா எழுந்து, டப்பாவிலிருந்து இன்னொரு காசை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஐந்து பேர் வேஷம் கட்டி வந்தார்கள். அவள் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனாள். படியில் உட்கார்ந்தபடி நானும் பார்த்தேன்.